கடற்பாசி குடித்த மல்லிகை

என் அலமாரியில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், மஞ்சள் கரை போட்ட ஒரு முழத் துணி மடித்து வைத்திருக்கிறேன். பழைய வேட்டியில் கிழித்து, இரண்டு முனையிலும் நாடா தைத்தது. பார்க்கிறவர்கள் கைக்குழந்தைக்குக் கட்டுகிற துணியா என்று கேட்பார்கள். இல்லை, அது மூக்குத் துணி. பூப்பறிக்கும்போது மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வதற்காக என் மாமியார் தன் கையால் தைத்துக் கொடுத்தது. கல்யாணமாகி நான் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூருக்கு வந்த மறுநாள் காலையில், காப்பிக்கு முன்னால் இதைத்தான் என் கையில் கொடுத்தார். "சாமி பூவ நாம மோந்துடக் கூடாதும்மா. மூச்சுக் காத்துகூடப் படக் கூடாது. கட்டிக்கோ" என்றார். மோந்து பார்த்த பூ சாமிக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதற்கென்று துணி தைத்து வைத்திருந்த வீட்டை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எங்கள் தோட்டத்துக்குள் அந்தத் துணி இல்லாமல் யாரும் கால் வைக்க முடியாது. என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்கிற அவரும் விடிகாலையில் திருடன் மாதிரி முகத்தை மூடிக்கொண்டுதான் செடிகளுக்கு நடுவே குனிந்துகொண்டிருப்பார்.

அத்தை என்று நான் கூப்பிட்ட அந்த அம்மாள் உயரமில்லை, பருமனும் இல்லை, ஆனால் அவர் வந்தால் இடம் கொஞ்சம் சிறியதாகிவிடும். மாமா போன பிறகு மல்லிகைத் தோட்டத்தைத் தனியாகவே நடத்தினார். கிணறு, ஆள், உரம், சந்தை எல்லாம் அவர் வாய்ச்சொல்லில் ஓடின. எதிலும் அவருக்கு இரண்டு மனது கிடையாது. மழை வரும் என்றால் வரும். இந்தக் கன்று பிழைக்காது என்றால் அதைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. தப்பாகப் போனால் அதையும் அதே உறுதியோடு ஒத்துக்கொள்வார், பிறகு அதைப் பற்றிப் பேசவே மாட்டார். அவருக்கு இருந்த ஒரே பெருமை, வைகாசித் திருவிழாவில் சாயந்திரப் புறப்பாட்டுக்கு எங்கள் தோட்டத்து மல்லிகை பெருமாள் கோயிலுக்குப் போவது. அதற்குக் கைச்சாத்து எதுவும் கிடையாது, மாமாவின் அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம், அவ்வளவுதான். ஒரு வைகாசிக்குப் பூ போகவில்லை என்றால் அடுத்த வைகாசிக்கு வேறு தோட்டம் வந்துவிடும். அப்படி வருவதற்கு மேற்கு வெளியில் ஒரு தோட்டக்காரர் ரொம்ப நாளாகக் காத்துக்கொண்டிருந்தார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் மழை முடிந்ததும் செடிகளில் பழுப்புப் புள்ளி விழுந்தது. முதலில் ஒரு பாத்தி, அப்புறம் நாலைந்து. இலை ஓரம் கருகிச் சுருண்டு உதிர்ந்தது. அந்தப் பக்கத்தில் எல்லாத் தோட்டத்துக்கும் அதே கதிதான். பனி முடியும் முன்பே வெயில் கொளுத்தத் தொடங்கியது, கிணற்றில் தண்ணீரும் இறங்கியது. எல்லோரும் பூச்சி மருந்துப் பொடியை வாங்கித் தூவினார்கள். என் கணவரும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தார். அத்தை அதைத் திறக்கவே விடவில்லை. "சாமி கழுத்துல வெஷத்த மாட்டச் சொல்றியா?" என்று கேட்டார், டப்பா வந்த வழியே திரும்பிப் போனது. நோய் விழுந்த செடிகளை வேரோடு பிடுங்கி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்தினார். பிள்ளை மாதிரி வளர்த்ததை இப்படிக் கொளுத்துகிறாரே என்று நான் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், மிச்சம் நின்ற செடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். "நோவு வந்ததுக்கு வைத்தியம் பாக்கறது வேற, வராததுக்குச் சத்து குடுக்கறது வேற. இதுங்களுக்குச் சத்து குடுக்கணும். இன்னா குடுக்கறதுன்னுதான் தெரியல" என்றார். அவர் வாயிலிருந்து 'தெரியல' என்று நான் கேட்டது அன்றைக்குத்தான்.

எனக்குத் தெரிந்திருந்தது. என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், நான் வளர்ந்ததெல்லாம் தெற்கே கடலோரத்தில், மண்டபம் என்கிற ஊரின் பக்கத்தில். அங்கே கடல் கரையில் ஒதுக்குகிற பாசியைக் கூடை கூடையாக அள்ளி வந்து தென்னை மரங்களின் அடியில் குவிப்பார்கள். பழுப்பு நிறத்தில், மிளகு போலச் சின்னச் சின்னக் காய்களோடு இருக்கும். கட்டக்கோரை என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் அதை ஊற வைத்த தண்ணீரைக் கத்தரி நாற்றுக்கும் ஊற்றுவார். கோடையிலும் அந்தப் பாத்தி வாடி நான் பார்த்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். சொல்லும்போதே, கடல் சமாசாரத்தைக் கோயில் ஊரில் எடுக்கிறோமே, திட்டு விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அத்தையின் கை சோற்றிலேயே நின்றது. "அது செடியா, ஜந்துவா?" என்று கேட்டார். செடி மாதிரிதான் என்றேன். "அப்ப சரி. உங்கப்பாவுக்கு எழுது, ரெண்டு மூட்டை அனுப்பச் சொல்லு" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத மருமகள் வார்த்தையை நம்பி ஒரு தோட்டத்தையே பணயம் வைத்த மாமியார் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

மூட்டைகள் ரயிலில் வந்தன. ஸ்டேஷனில் பார்சல்காரர் அவற்றை மற்ற சாமான்களோடு சேர்க்காமல் ஒதுக்குப்புறமாகத் தள்ளி வைத்திருந்தார். காய்ந்த பாசிதான், ஆனாலும் கடலின் நாற்றம் விடுமா? வண்டிக்காரர் முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டே ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் நானும் என் கணவரும் மூக்குத் துணியைத் தேடி ஓடினோம். அத்தை மட்டும் முழங்கை வரைக்கும் மூட்டைக்குள் கைவிட்டு, பருத்தி பார்க்கிற மாதிரி பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பாசியைப் பல தண்ணீரில் அலசி உப்பை எடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அலசிய தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கரிப்பது நிற்கிற வரைக்கும் விடவில்லை. நெல் அவிக்கிற அண்டாவில் போட்டு வேக வைத்து, வேட்டித் துணியில் வடிகட்டியபோது தேயிலைக் கஷாயம் மாதிரி ஒரு சாறு இறங்கியது. சக்கையை ஒரு மரப்பீப்பாயில் ஊறப் போட்டோம். அது கிளப்பிய நாற்றத்தை நான் எழுத்தில் கொண்டுவரப் போவதில்லை. தெருவில் போகிறவர்கள் நடையை எட்டிப்போட்டார்கள். அத்தையோ பீப்பாய் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து குழம்பு கிண்டுவது போலக் கிண்டிக்கொண்டிருப்பார். என்ன நெஞ்சழுத்தம் என்று நான் வியந்தேன்.

சாறு தயாரானது, அதை இலையில் தெளிக்க எங்களிடம் எந்திரம் கிடையாது. வேப்பங்கொத்தை நனைத்து உதறினால் மல்லிகை இலையின் மினுமினுப்பில் நிற்காமல் உருண்டு கீழே விழுந்தது. அப்போதுதான் தறிக்கார அண்ணன் ஒரு யோசனை சொன்னார். பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருந்தவர், என் கணவருக்குச் சின்ன வயசிலிருந்து சிநேகிதர், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வந்துவிடுவார். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுப் போட்டு வளர்ந்த கை அவருக்கு. "இதுல இன்னா கஷ்டம்? நூலுல கஞ்சி எப்படி ஒட்டிக்கினு நிக்குது? எலைக்கும் கஞ்சியில கலந்து தெளிங்க, அத்தை. வுழவே வுழாது" என்றார். அத்தைக்கு அது பிடித்துப்போயிற்று. நல்ல அரிசிக் கஞ்சியாகக் காய்ச்சி, சாற்றோடு கலந்து, தறிக்கார அண்ணன் கொண்டுவந்த நார்த்தூரிகையால் இலை இலையாகத் தடவினோம். அண்ணன் சொன்னது பொய்யில்லை. ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. சாயந்திரத்துக்குள் ஏனாத்தூரில் இருந்த எறும்பெல்லாம் எங்கள் தோட்டத்துக்குக் குடிவந்தது. அடுத்த வாரத்தில் இலைகளின் மேல் அடுப்புக்கரி பூசியது போல ஒரு கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. செடிக்குப் பலம் வருகிறதோ இல்லையோ, எறும்புக்கு நல்ல பலம் வந்திருந்தது. அண்ணன் இரண்டு ஞாயிறு எங்கள் பக்கமே வரவில்லை. அத்தை அவருக்கு ஆள் அனுப்பி, "கஞ்சியக் கழுவணும், வந்து ஒரு கை குடுத்துட்டுப் போவச் சொல்லு" என்றார்.

கழுவியது ஒரு நாள் முழுக்க நடந்தது. அதற்கு மறுநாள் அத்தை தன் கல்யாணக் கூறைப் புடவையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சோப்புப் போட மாட்டார்கள். அலசிக்கொண்டிருந்தவர் திடீரென்று கையிலிருந்த தண்ணீரைப் பக்கத்தில் இருந்த மல்லிகைக் கிளையில் விசிறினார். தண்ணீர் உருளாமல் இலை முழுக்கப் படர்ந்து ஈரமாக நின்றது. "இந்தாம்மா, இங்க வந்து பாரு" என்று அவர் கத்திய கத்தலில் நான் எதையோ போட்டு உடைத்துவிட்டு ஓடிவந்தேன். பூந்திக்கொட்டை நுரையில் ஒரு கை, பாசிச் சாறு ஒரு செம்பு, மீதிக் குடத்துக்குப் பச்சைத் தண்ணீர். அதுதான் கடைசி வரைக்கும் எங்கள் கணக்காக நின்றது. வெயில் ஏறுவதற்கு முன்னால் இலைக்குத் தெளிப்போம், பீப்பாயில் ஊறியதை நிறையத் தண்ணீரில் கலந்து வேருக்கு ஊற்றுவோம். மொட்டு விட ஆரம்பித்ததும் இலைக்குத் தெளிப்பதை நிறுத்திவிட்டோம், வேருக்கு மட்டும் ஊற்றினோம்.

வேலி ஓரமாக ஒரு வரிசையை மட்டும் அத்தை எதுவும் தெளிக்காமல் விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அப்புறம் மழையால வந்துச்சு, காத்தால வந்துச்சுன்னு நாமளே சொல்லுவோம். அதுக்குத்தான்" என்றார். சித்திரை பிறந்தபோது அந்த வரிசை பாதி இலையை உதிர்த்துவிட்டு நின்றது. மற்ற செடிகள் கரும்பச்சையாக, நடு மத்தியானத்திலும் தலை தொங்காமல் நின்றன. எல்லாம் பாசியின் மாயம் என்று நான் சொல்ல மாட்டேன். மொட்டைத் துளைக்கிற புழு வழக்கம்போல வந்தது, அதைக் கையால்தான் பொறுக்கினோம். ஏற்கெனவே புள்ளி விழுந்த கிளை அதைக் குடித்துத் தேறவும் இல்லை. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்காமல் நிற்கிற தெம்பும், வெயிலைத் தாங்குகிற தெம்பும் அந்தச் செடிகளுக்கு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் இதை அடித்துச் சொல்வேன். மொட்டுகள் கனமாக வந்தன. வேலையாட்கள் வாசம் எப்படியிருக்கும் என்று பேசுவார்கள், அத்தை ஒரு மொட்டை உள்ளங்கையில் வைத்து, "எடையப் பாரு" என்பார். அவர் எப்போதும் எடையைத்தான் பார்ப்பார். அந்த நாட்களில் ஒரு காலை நான் பாலை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். என் கணவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அத்தை முழுவதையும் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். என்மேல் இருக்கிற பிரியம் என்று நினைத்து நான் உருகிப்போனேன்.

வைகாசி நெருங்க நெருங்க ஊரில் பேச்சு கிளம்பியது. ஏனாத்தூர் அம்மா சாமி பூவுக்கு மீன் தண்ணி ஊத்துது, பூவிலேயே கவிச்சி வாடை அடிக்குது என்று. கிளப்பியது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. மேற்கு வெளியில் செடிகள் குச்சியாக நின்றன. அத்தை காதில் வாங்காதது போல இருந்தார். ஆனால் எனக்கு ஒரு உண்மை உறைத்தது. எங்கள் வீட்டில் யாருமே அந்தப் பூவை மோந்து பார்த்ததில்லை. மூக்கைக் கட்டிக்கொண்டு பறிக்கிறோம், ஈரத் துணி போட்டு மூடுகிறோம், கூடை நேரே வண்டிக்குப் போகிறது. தினமும் பீப்பாய் நாற்றத்திலேயே கிடக்கிற எங்களுக்கு எது எதன் வாடை என்றும் தெரியாமல் போயிருந்தது. ஊர் சொல்வது உண்மையாகவே இருந்தால்? பாசியைக் கொண்டுவந்தவள் நான். மூன்று தலைமுறை வழக்கம் என் வாயால் போயிற்று என்றால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் இருப்பேன்?

திருவிழாவின் நடு நாளில், காலையில் பறித்த கூடையை ஆளிடம் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, மத்தியானம் நானும் அத்தையும் ஜட்காவில் போனோம். பூ மண்டபத்தில் மாலை கட்டுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் எங்கள் கூடை பிரிக்கப்படாமல் ஓரமாக இருந்தது. கோயில் மணியக்காரர், பூவிலிருந்து தீவட்டி வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொறுப்பான பெரியவர், எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். நல்ல மனிதர், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "வாங்கோம்மா. மனசுல வெச்சுக்காதீங்கோ. உங்க தோட்டத்துல மீன் ஜலம் தெளிக்கறதாப் பேச்சு. புஷ்பத்துல வாடை வர்றதுன்னு புகார் வந்திருக்கு. நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

"மீன் இல்ல சாமி. கடல்ல மொளைக்கிற பூண்டு. தண்ணி நாறும், நான் இல்லேங்கல. சாணி நாறாதா? பூவு நாறுதுன்னு யாரு சொன்னது?" என்றார் அத்தை.

தூணோரம் நின்றிருந்த மேற்கு வெளித் தோட்டக்காரர் முன்னால் வந்தார். "நான்தான் சொன்னேன். இருக்கறதத்தானே சொன்னேன்?" என்றார்.

"யாரோ சொல்லிக் கேட்டியா, இல்ல நீயே பாத்தியாப்பா?" அத்தை கேட்ட குரலில் கோபமே இல்லை.

"கேட்டுச் சொல்ற ஆளு நான் இல்ல. இப்பதான், இந்தக் கூடையில கை வுட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பாத்தேன். கவிச்சி கொடலப் புடுங்குது!"

சொன்ன மாத்திரத்தில் மண்டபத்தில் நார் முறுக்குகிற சத்தம் நின்றது. மாலை கட்டுகிற ஒரு கிழவர் "பெருமாளே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தோட்டக்காரருக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்புறம்தான் புரிந்திருக்க வேண்டும், அவர் முகம் வெளுத்துவிட்டது. அத்தை அவரைப் பார்த்து, "சாமி கூடையிலயா மூக்க வெச்ச?" என்று மட்டும் கேட்டார். மணியக்காரர் கண்ணை மூடித் திறந்தார். "அந்தக் கூடை இனிமே உள்ள வரப்படாது. வெளியில எடுத்துடுங்கோ" என்றார். பிறகு தோட்டக்காரர் பக்கம் திரும்பாமலேயே, "நீர் போகலாம்" என்றார்.

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, ஆனால் அத்தை வெற்றிபெற்ற முகத்தோடு நிற்கவில்லை. எங்கள் பூவும் அல்லவா வெளியே போயிற்று? புறப்பாட்டுக்கு இன்னும் சில மணி நேரம்தான் இருந்தது. அந்தக் கோடையில் வேறு எந்தத் தோட்டத்திலும் ஒரு கூடை மல்லிகை திரட்ட முடியாது என்பது மணியக்காரருக்குத் தெரியும். "செடியில மொட்டு இருக்குது சாமி. பொறப்பாட்டுக்கு முன்ன கொண்டாறேன்" என்றார் அத்தை. மணியக்காரர் தயங்கினார். "அது சரிம்மா. வாடை விஷயம்?" என்றார். மோந்து பார்க்க அவராலும் முடியாது. அத்தை ஒரு கணம் நிமிர்ந்து நின்றார். "நாத்தம் இருந்தா நான் வர மாட்டேன் சாமி. இன்னிக்கி மட்டும் இல்ல, எப்பவுமே வர மாட்டேன். நான் வந்தேன்னா நாத்தம் இல்லேன்னு வெச்சுக்கோங்க" என்றார். தள்ளிவைத்த கூடையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜட்காவில் ஏறினார்.

வண்டி கடைத்தெருவைத் தாண்டி ஏனாத்தூர் சாலைக்கு வந்ததும் அத்தை கூடையை என் மடியில் வைத்தார். ஜட்காக்கார பாய் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது இப்ப சாமி பூ இல்ல. நீ மோந்து பாத்துச் சொல்லு" என்றார். நான் ஏன், நீங்களே பாருங்களேன் என்றேன். அத்தை சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு மூக்கு செத்துப் போயி ரொம்ப வருஷம் ஆச்சும்மா. உன் வூட்டுக்காரன் கைக்கொழந்தையா இருக்கச்சொல்ல டைபாய்டு காச்சல் வந்துச்சு. உசுரக் குடுத்துட்டு இத எடுத்துக்கினு போயிடுச்சு. உங்க மாமாவுக்குக்கூடத் தெரியாது. பூத்தோட்டக்காரிக்கு வாசன தெரியாதுன்னா ஊரு சிரிக்காதா?"

பீப்பாய் பக்கத்தில் முக்காலி, அடிப்பிடித்த பால், உள்ளங்கையில் எடை, எல்லாம் ஒன்றாக என் நெஞ்சில் வந்து விழுந்தன. அத்தனை வருஷமாக மல்லிகைக்கு நடுவிலேயே இருந்துகொண்டு ஒரு பூவின் வாசனைகூட அவருக்கு இல்லை. மற்றவர்களெல்லாம் மோந்துவிடாமல் இருக்கத் துணி கட்டினோம், தேவையே இல்லாத அவர்தான் எல்லோரையும்விட இறுக்கிக் கட்டியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை. "பாரும்மா. நாத்தம் இருந்தா இருக்குதுன்னு சொல்லு. வண்டியத் திருப்பி, வரலேன்னு சொல்லிட்டு வந்துடலாம். எம் மூஞ்சிக்காகச் சொல்லாத" என்றார்.

காலையிலிருந்து கழுத்தில் தொங்கிய மூக்குத் துணியை, கூடை மடிக்கு வந்ததும் பழக்கத்தில் ஏற்றிக் கட்டியிருந்தேன். அதை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கூடைக்குள் முகத்தை வைத்தேன். கடற்கரையில் வளர்ந்த மூக்கு என்னுடையது. மீன் வாடை எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும். காஞ்சிபுரத்தில் அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. மேலே பார்த்தேன், கையைவிட்டு அடியில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன், ஒரு மொட்டைக் கசக்கியும் பார்த்தேன். பகல் வெக்கையில் மொட்டுகள் அவிழத் தொடங்கியிருந்தன. கடலில் இருந்து ஒன்றுகூட அங்கே வந்திருக்கவில்லை. "மல்லி வாசனைதான் அத்தை. மீன் வாசனை இல்லவே இல்ல. எங்கப்பா மேல சத்தியம்" என்றேன்.

அத்தை மூச்சை விட்டார். வண்டி கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். "எப்படி இருக்குது? சொல்லேன்."

மல்லிகை வாசனை எப்படி இருக்கும் என்று யாரிடமாவது எப்போதாவது சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? நான் முகத்தைக் கூடைக்குள் வைத்துவைத்து எடுத்தேன். இனிப்பாக இருக்கிறது என்றேன், குளிர்ச்சியாக இருக்கிறது என்றேன், தொண்டை வரைக்கும் இறங்குகிறது என்றேன். ஒன்றும் சரியாக வரவில்லை. அத்தை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எங்கேயோ தேடினார். "பாலு காஞ்சு ஏடு கட்டும்போது ஒண்ணு வருமே, அது மாதிரி கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டார். மறுபடியும் மோந்து பார்த்தேன். இருந்தது. அதுவரைக்கும் எனக்கு அது தெரிந்ததில்லை. "ஆமாம் அத்தை, அடியில அதுவும் இருக்கு" என்றேன். அவர் முகத்தில் அப்போது வந்ததை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. உடனே சுதாரித்துக்கொண்டு, "ஓட்டு பாய், பெருமாள் காத்துக்கினு இருக்காரு" என்று அதட்டினார்.

காலையில் தேவைக்கு மேல் பறிக்காமல் விட்டிருந்த மொட்டுகள் செடி செடியாக நின்றன. நான், என் கணவர், வேலையாட்கள், ஞாயிறு இல்லாத நாளிலும் எதற்கோ வந்து மாட்டிக்கொண்ட தறிக்கார அண்ணன், எல்லோரும் முகத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினோம். வேலியோரத்து வரிசையில் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. பாசித் தண்ணீர் குடித்த செடிகளில் கூடை நிறைந்து வழிந்தது. அத்தை மண்டபத்து வாசலில் இறங்கியதைப் பார்த்ததும் மணியக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக் கூடையை வாங்கிக்கொண்டார். அன்றைக்குப் புறப்பாட்டில் பெருமாள் கழுத்தில் இருந்த மல்லிகையைத் தூரத்திலிருந்து பார்த்து, "எடையப் பாரு, மாலை எப்படித் தொங்குது" என்றார் அத்தை. அந்த வழக்கம் அவர் இருந்தவரைக்கும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அடுத்த வருஷம் பாசி மூட்டை கேட்டு முதலில் ஆள் அனுப்பியது மேற்கு வெளித் தோட்டக்காரர். அத்தை கொடுத்தார், கஞ்சி கலக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

இப்போது தோட்டம் இல்லை, அந்தப் பக்கமெல்லாம் கட்டடம். எனக்கு மாடியில் பத்துத் தொட்டி மல்லிகை இருக்கிறது. கடற்பாசிச் சாறு உரக்கடையில் அழகான பாட்டிலில் கிடைக்கிறது, ஒரு மூடி எடுத்து ஒரு வாளியில் கலந்தால் போதும். நாற்றமே அடிப்பதில்லை. நோய்க்கும் வெயிலுக்கும் செடிக்குத் தெம்பு தரும் என்று அதன்மேல் அச்சடித்திருப்பதைப் படிக்கும்போதெல்லாம், இதை முக்காலி போட்டு உட்கார்ந்து கிண்டிய ஒருவரை எனக்குத் தெரியும் என்று கடைக்காரரிடம் சொல்ல வாய் வரும். அதில் ஒரு சொட்டுப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் சேர்ப்பதை மட்டும் நான் விட்டதில்லை.

அந்த நாளுக்குப் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஒவ்வொரு பருவத்திலும் சாமிக்குப் பறித்தானதும், வீட்டுக்கென்று விட்ட செடியில் இருந்து ஒரு பூவை நான் மோந்து பார்த்து அத்தையிடம் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இந்த வருஷமும் முதல் பூ பூத்தது. அலமாரியைத் திறந்து, மஞ்சள் கரைத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு, பூஜை அறைக்கு வேண்டியதைப் பறித்தேன். பிறகு துணியை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டேன், ஒரு பூவை மூக்கருகில் கொண்டுபோனேன். இனிப்பு, குளிர்ச்சி, அடியில் காய்ந்த பாலின் ஏடு. மாடியில் யாரும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மீன் வாசனை இல்ல, அத்தை."